மாறிவரும் பகுதியில் இத்தாலிய உணவகம்: விறகடுப்பா, டிராட்டோரியாவா, துண்டு பீட்சாக் கடையா?

பழைய பட்டறைகளும் கிடங்குகளும் ஒவ்வொன்றாகக் காலியாகி, அந்த இடத்தில் அடுக்குமாடிகளுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு பகுதி. அங்கே இத்தாலிய உணவகம் திறக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் யோசிப்பது பெயர், மெனு, சுவருக்கு என்ன நிறம் என்பதைத்தான். எந்த மாதிரிக் கடை என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, அதற்குள் இடம் பிடித்து அட்வான்ஸும் கொடுத்திருப்பார்கள். பிறகென்ன, இடத்துக்கு ஏற்றமாதிரி கடையை வெட்டி ஒட்ட வேண்டியதுதான்.

அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கையில் இருக்கும் முதலீடு ஒன்றுதான், பகுதியும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழி மூன்று. விறகடுப்பு வைத்த நேப்பிள்ஸ் பாணி பீட்சாக் கடை ஒன்று. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும் டிராட்டோரியா, அதாவது வீட்டுச் சமையல் சாயலில் நடுத்தர விலைக்குச் சாப்பாடு போடும் உணவகம், இன்னொன்று. மூன்றாவது, ரோம் நகரில் தெருவுக்குத் தெரு இருப்பது போல, பெரிய தட்டில் சுட்ட பீட்சாவை வெட்டி எடைபோட்டு விற்றுக்கொண்டு, கூடவே அன்றன்றைக்குச் செய்த பாஸ்தாவையும் வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கிற சின்னக் கடை.

என் ஓட்டு மூன்றாவதற்கு. ஒப்பீடு என்ற பேரில் கடைசிவரை இழுத்துவிட்டு "அவரவர் வசதிப்படி" என்று கைகழுவும் கட்டுரைகளைப் படித்தாலே எனக்கு எரிச்சல் வரும், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்ற இரண்டும் மோசம் என்று சொல்லவில்லை. பகுதி மாறி முடிந்தபிறகு அவை நன்றாக ஓடும். சிக்கல், மாறி முடிகிற வரைக்கும் வாடகை கட்ட வேண்டும் என்பதில் இருக்கிறது.

உணவகங்களில் பத்தில் ஒன்பது முதல் வருடமே மூடிவிடும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது வெறும் பேச்சு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகர உணவகங்களை வைத்து எச்.ஜி.பார்சாவும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வருடத்தில் மூடியதும் கைமாறியதும் சேர்த்து சுமார் 26 சதவீதம்தான். ஆனால் மூன்று வருடம் முடியும்போது அது 60 சதவீதத்தை ஒட்டிப் போய்விட்டது. அதாவது திறப்பு விழாக் கூட்டம் முதல் வருடத்தைத் தாங்கிவிடுகிறது, ஆளைக் கவிழ்ப்பது அதற்கப்புறம் வரும் இரண்டு வருடங்கள். மாறிவரும் பகுதியில் அந்த இரண்டு வருடங்கள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே கட்டடம் பாதியில் நிற்கும். அடுத்த வருடம் குடியேறுவார்கள் என்று பில்டர் சொன்ன தேதி தள்ளித் தள்ளிப் போகும். நடைபாதையில் பாதியைத் தகர வேலி மறைத்திருக்கும். பழைய ஆட்களில் சிலர் காலிசெய்து போயிருப்பார்கள், புது ஆட்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள்.

இந்த இடைவெளியில் யார் சாப்பிட வருவார்கள்? மூன்று தரப்பு. ஏற்கெனவே அங்கே வாழ்பவர்கள், இவர்கள் சீக்கிரம் சாப்பிடுவார்கள், விலை பார்ப்பார்கள், பிடித்துவிட்டால் தவறாமல் வருவார்கள். கட்டுமான வேலைக்கும் அதைச் சுற்றிய வேலைகளுக்கும் வந்துபோகிறவர்கள், இவர்களுக்குப் பகலில் அரைமணி நேரத்தில் சாப்பிட்டு எழ வேண்டும். அப்புறம் முதலில் குடியேறிய சில புதியவர்கள், வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் வருவார்கள், வார இறுதியில் நண்பர்களைக் கூட்டி வருவார்கள். கடை எந்த வடிவில் இருந்தாலும் இந்த மூன்று தரப்பில் எத்தனை பேரை உள்ளே இழுக்கிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. மாவில் என்ன நுணுக்கம், தக்காளி எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் பிறகு.

விறகடுப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஆசை எல்லோருக்கும் அங்கேதான் தொடங்குகிறது. நேப்பிள்ஸில் 1984இல் தொடங்கிய அசோசியாசியோனே வெராச்சே பீட்சா நாபொலெத்தானா என்ற சங்கம் அசல் பீட்சாவுக்கு விதிமுறை எழுதி வைத்திருக்கிறது. மாவு உருண்டை 200 முதல் 280 கிராம். அடுப்பின் கூரைப்பகுதி 485 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். சுடும் நேரம் 60 முதல் 90 நொடி. ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பீட்சாவை 2010இல் பாரம்பரியச் சிறப்பு உணவாகப் பதிவுசெய்தது, பீட்சா சுடும் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு பெருமை இருப்பதால் அடுப்பு வாங்குகிறவர்கள் அதையே கடைக்கு நடுவில் வைத்துவிடுகிறார்கள். தப்பில்லை, அது பார்க்க அழகுதான், நெருப்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது யாருக்குத்தான் பிடிக்காது.

வரவு செலவுக் கணக்கிலும் பீட்சாவை அசைக்க முடியாது. மாவு, தக்காளி, மொசரெல்லா, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். பொருள் செலவு விற்பனை விலையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம், மற்ற உணவகங்களில் அது 28 முதல் 35 சதவீதம் வரை போகும். ஒன்றரை நிமிடத்தில் சாப்பாடு தயார் என்பதால் மேசையும் சீக்கிரம் காலியாகும்.

ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பின்னால் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரவுக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது அடுத்தடுத்து ஈர மாவு விழுந்து அடுப்பின் தரை சூடு இழக்கும். மேல்பக்கம் கருக ஆரம்பித்திருக்கும், அடிப்பக்கம் வெளிறிக் கிடக்கும். அடுப்பில் நிற்கிறவர் தணலைத் தள்ளித் தரையில் பரப்பி, ஒரு விறகைப் போட்டு, சூடு திரும்பும்வரை ஆர்டர் சீட்டுகளைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். எப்போது மறுபடி ஆரம்பிக்கலாம் என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவர் ஒருநாள் லீவு போட்டால் கடையின் பெயர் அன்று ஒரு மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட ஆள் கிடைப்பதும் லேசில்லை, கிடைத்தவரைப் பக்கத்துப் பகுதியில் திறக்கும் அடுத்த கடைக்காரர் கூடுதல் சம்பளம் சொல்லிக் கூப்பிடுவார்.

அடுப்பு ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும், பெரியது இரண்டு டன்னையும் தாண்டும். தரை தாங்குமா என்று பொறியாளரை வைத்துப் பார்க்க வேண்டும். கட்டி முடித்ததும் நாள்கணக்கில் சிறுநெருப்பாகப் போட்டு ஈரம் உலர்த்த வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் விடும். புகைக்குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். விறகு உலர்ந்ததாக வேண்டும், அதை வைக்க இடம் வேண்டும், அந்த இடத்துக்கும் சதுர அடிக்கணக்கில் வாடகை. இதில் எதையும் கடை காலிசெய்யும்போது தூக்கிக்கொண்டு போக முடியாது.

மாறிவரும் பகுதியில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீங்கள் புகைக்குழாய் வைக்கும்போது பக்கத்தில் இருப்பது காலிக் கிடங்கு. யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் நான்காவது மாடிப் படுக்கையறை ஜன்னல் உங்கள் குழாய்க்கு நேரே திறக்கும். அந்த ஜன்னல்காரர் உங்கள் கடையில் சாப்பிடுகிறவராகவே இருக்கலாம், புகார் கொடுக்க அது தடையில்லை. இது கற்பனைக் கவலை என்று நினைக்க வேண்டாம். நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலேயே உள்ள சான் வித்தாலியானோ என்ற ஊரில் காற்று மாசு தாங்காமல் 2015 டிசம்பரில், வடிகட்டி இல்லாத விறகடுப்புகளுக்குத் தடை போட்டார்கள். பீட்சாவின் சொந்த ஊர்ப் பக்கமே அப்படி. நியூயார்க் நகரத்தில் 2024இல் நடைமுறைக்கு வந்த விதி, பழைய விறகு, நிலக்கரி அடுப்புகள் வெளிவிடும் துகள் மாசை 75 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. வடிகட்டியும் அதன் பராமரிப்பும் மலிவானவை அல்ல. நேப்பிள்ஸ் சங்கமே இப்போது சில எரிவாயு, மின்சார அடுப்புகளை அங்கீகரித்துவிட்டது. ஆகவே நேப்பிள்ஸ் பாணிதான் வேண்டும் என்றால் அந்த வழியைப் பாருங்கள். விறகு இல்லாவிட்டால் அசல் இல்லை என்று யாராவது வாதம் செய்தால், அந்த 90 நொடியில் விறகின் வாசனை மாவில் எவ்வளவு ஏறிவிடும் என்று கேளுங்கள்.

டிராட்டோரியாவுக்கு வருவோம். அடிப்படை அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: முதலில் கொறிக்க அந்திபாஸ்தோ, பிறகு பாஸ்தா அல்லது ரிசோத்தோ, பிறகு இறைச்சியோ மீனோ, பக்கத்தில் காய்கறி, கடைசியில் இனிப்பு. சாப்பிடுகிறவருக்கு இது ஒரு சுகமான மாலை. நடத்துகிறவருக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி ஆள், தனிக் குளிர்பெட்டி, தனிப் பாத்திரம். நான்கு பேர் மேசை ஒன்று எழுந்துபோனால் கழுவுமிடத்தில் என்ன குவியும் என்று போய்ப் பாருங்கள். பாத்திரம் கழுவுகிறவரை மறந்துவிட்டுப் போட்ட பட்ஜெட் நிறைய பார்த்திருக்கிறேன்.

ரிசோத்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கர்னரோலி அரிசியைக் கிளறி இறக்க 18 நிமிடம் ஆகும், அடுப்பை விட்டு நகர முடியாது. அதனால் பெரும்பாலான உணவகங்களில் முக்கால் பதத்தில் இறக்கித் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஆர்டர் வந்ததும் முடிக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அன்று எத்தனை பேர் ரிசோத்தோ கேட்பார்கள் என்று காலையிலேயே கணிக்க வேண்டும். நிலையான கூட்டம் உள்ள பகுதியில் கணிப்பது எளிது. தகர வேலிக்கு நடுவில் இருக்கிற தெருவில், செவ்வாய்க்கிழமை இரவு நான்கு மேசையா பதினான்கா என்று யாருக்குத் தெரியும்? சமைத்து வைத்தது குப்பைக்குப் போகும், ஈ ஓட்டிக்கொண்டு நிற்கிற சர்வருக்கும் சம்பளம் போகும்.

டிராட்டோரியாவின் லாபம் சாப்பாட்டில் குறைவு, ஒயினில்தான் அதிகம். மதுவுக்கான உரிமம் கிடைக்காத இடத்தில், அல்லது கிடைக்க மாதக்கணக்கில் ஆகிற இடத்தில், இந்தக் கணக்கே உடைந்துவிடும். உரிமம் கைக்கு வராமல் டிராட்டோரியாவுக்கு ஒப்பந்தம் போடுவது அகலக்கால் வைக்கிற வேலை. குடிக்காதவர்கள் அதிகம் வாழும் பகுதியென்றாலும் அதே கதைதான்.

அப்படியும் டிராட்டோரியாதான் என்றால், மெனுவைச் சுருக்குங்கள். ரோம்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். காச்சோ எ பெப்பே, கிரீச்சா, அமத்ரிச்சானா, கார்பொனாரா என்ற நான்கு பாஸ்தாக்களுக்கும் சேர்த்துத் தேவைப்படுவது பெக்கரினோ சீஸ், மிளகு, குவாஞ்சாலே என்கிற பதப்படுத்திய பன்றித் தாடை இறைச்சி, தக்காளி, முட்டை. ஐந்து சாமானில் நான்கு பண்டம், வீணாவது ஏறக்குறைய இல்லை. பன்றி சாப்பிடாதவர்கள் நிறைய இருக்கும் பகுதியென்றால் இதில் மூன்று கழன்றுவிடும், அதையும் முன்கூட்டியே பாருங்கள். உலர்ந்த பாஸ்தா மட்டமானது என்ற எண்ணமும் வேண்டாம். இத்தாலியில் விற்கும் உலர் பாஸ்தாவை டூரம் என்கிற கடினக் கோதுமையில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள். அமத்ரிச்சானாவுக்கு உலர் பாஸ்தாதான் சரி, கையால் செய்த முட்டை பாஸ்தாவைப் போட்டால் குழைந்து போகும். முட்டை பாஸ்தா வட இத்தாலியப் பழக்கம், போலோனியா நகரத்தின் ரகூ என்கிற இறைச்சிச் சாஸுக்கு அது பொருந்தும். அந்த ஊர்க்காரர்கள் தாலியாதெல்லே என்கிற பட்டை பாஸ்தாவின் அகலம் வெந்தபிறகு 8 மில்லிமீட்டர் என்று 1972இல் வணிகச் சபையில் போய்ப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவு தீவிரம்.

இனி மூன்றாவது. துண்டு பீட்சா என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்து கிடக்கும் முக்கோணங்கள் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். ரோம் பாணியில் மாவில் தண்ணீர் அதிகம், உலர்ந்த மாவின் எடையில் 75 முதல் 80 சதவீதம் வரை. பிசைந்ததும் ஒட்டிக்கொண்டு கையில் நிற்காது. அதைக் குளிர்பெட்டியில் ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை வைத்து மெதுவாகப் புளிக்க வைப்பார்கள். 60க்கு 40 சென்டிமீட்டர் இரும்புத் தட்டுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ மாவு. மின்சார அடுப்பில் 300 டிகிரி அளவில் கால்மணி நேரம். வெளியே வரும்போது அடியில் மொறுமொறுப்பும் உள்ளே பெரிய பெரிய குமிழிகளும் இருக்கும். வாடிக்கையாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று விரலால் காட்டுவார், கடைக்காரர் கத்தரிக்கோலை அந்த இடத்தில் வைத்து "இவ்வளவா?" என்பார், "இன்னும் கொஞ்சம் குறைங்க" என்பார் இவர், கத்தரிக்கோல் நகரும். வெட்டி, எடைபோட்டு, ஒரு நிமிடம் அடுப்பில் சூடுபண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்.

இந்தக் கத்தரிக்கோல்தான் எனக்கு முக்கியம். மாறிவரும் பகுதியில் உணவகத்துக்கு வரும் பெரிய கெட்ட பெயர், "இது நமக்கான கடை இல்லை" என்று பழைய ஆட்கள் வாசலிலேயே முடிவுசெய்துவிடுவது. மெனுவில் உள்ள விலையைப் பார்க்கும் முன்பே, மேசைத்துணியையும் விளக்கையும் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள். எடைக்கு விற்கும் கடையில் அந்த வேலி இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் கையில் இருக்கும் சில்லறைக்கு உருளைக்கிழங்கு பீட்சாவில் ஒரு சின்னத் துண்டு வாங்குவான், அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர் அத்திப்பழமும் பதப்படுத்திய இறைச்சியும் வைத்ததில் அரைக்கிலோ வெட்டச் சொல்லுவார். ஒரே மேடை, ஒரே வரிசை. வேலை ஆட்களுக்குப் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுப் போக முடிகிறது. மூன்று தரப்பும் உள்ளே வருகிற வடிவம் மற்ற இரண்டில் இல்லை.

நேரக் கணக்கிலும் இதற்குத்தான் சாதகம். டிராட்டோரியா இரவு மூன்று மணி நேரத்தில் வாடகையைச் சம்பாதிக்க வேண்டும். இந்தக் கடை காலையில் எஸ்பிரெசோவோடு தொடங்கி இரவு வரை ஓடும். நல்ல எஸ்பிரெசோவுக்கு வேண்டியது 7 கிராம் காபித்தூள், 9 பார் அழுத்தம், 25 நொடி, அதோடு ஒழுங்காக அரைக்கத் தெரிந்த ஒருவர். மதியம் துண்டு பீட்சா. சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அன்று செய்த பாஸ்தா, கூடவே ஒரு டப்பா ரகூ அல்லது தக்காளி சாஸ். புது பாஸ்தா இரண்டிலிருந்து நான்கு நிமிடத்தில் வெந்துவிடும், வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு அது பெரிய விஷயம். பிசைகிற இயந்திரமும் ஆட்களும் ஏற்கெனவே இருப்பதால் பாஸ்தாவுக்கென்று கூடுதல் முதலும் அதிகம் இல்லை. நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற வீட்டுக் கணக்கிலேயே தொடங்கலாம்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒரு ஆள் செலவழிப்பது குறைவு, அதனால் எண்ணிக்கை வேண்டும், நாள் முழுக்கக் கதவு திறந்துகொண்டே இருக்க வேண்டும். மழை நாளில் விழுந்துவிடும். பிறந்தநாள், கல்யாண நாள், முதல் சந்திப்பு என்று வருகிறவர்கள் உங்களிடம் வர மாட்டார்கள், அந்தப் பணம் வேறிடம் போகும். மிச்சமாகும் துண்டுகள் இன்னொரு தலைவலி. மொசரெல்லா அதிகம் போட்டது இரண்டு மணி நேரத்தில் ரப்பராகிவிடும், உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டது தாக்குப்பிடிக்கும், வெறும் தக்காளி போட்டது இன்னும் நேரம் நிற்கும். அதனால் மூன்று மணிக்கு மேல் எதைச் சுட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவர்தான் இந்தக் கடையின் லாபத்தைத் தீர்மானிக்கிறார், அந்தப் பொறுப்பைப் புதுப் பையனிடம் விடாதீர்கள். அப்புறம் மூன்று நாள் புளிக்கும் மாவு என்றால் இன்று பிசைவது வெள்ளிக்கிழமைக்கு. சொதப்பினால் அன்றே தெரியாது.

அடுப்புக்கு மும்முனை மின் இணைப்பு வேண்டும், இரண்டு அடுக்கு அடுப்பு 10 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். பழைய கட்டடத்தில் அது இருக்கிறதா என்பதை அட்வான்ஸுக்கு முன்னால் கேளுங்கள். இதே அடுப்பைத்தான் கடை மாறும்போது லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம், விற்றாலும் ஏதாவது தேறும்.

இடம் என்று வரும்போது இரண்டு சாத்தியம்தான் கண்முன் நிற்கும்: புது அடுக்குமாடியின் தரைத்தளம், இல்லையென்றால் பழைய தெருவில் பழைய கடை. புதுக் கட்டடத்தில் உங்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் நான்கு சுவரும் கான்கிரீட் தரையும் மட்டும், மற்றதெல்லாம் உங்கள் செலவு. வாடகை அதிகம், அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம். மேலே குடியிருப்புகள் நிரம்பும் வரை கீழே கூட்டம் வராது, வாடகை மட்டும் முதல் மாதத்திலிருந்து வரும். சாதகம் என்று பார்த்தால், வடிகாலும் மின்சாரமும் புதிது, புகைபோக வழி வரைபடத்திலேயே இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பழைய கடையில் வாடகை குறைவு, தெருவில் நடமாட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் நல்ல வார்த்தை சொன்னால் அதுவே விளம்பரம். ஆனால் வடிகால் குழாய் எந்தக் காலத்ததோ, எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கிற தொட்டி இருக்காது, சுவருக்குள் ஓடும் ஒயரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதெல்லாம் பணம் போட்டால் சரியாகிவிடும். பணம் போட்டாலும் சரியாகாதது ஒன்று: உரிமையாளர் கட்டடத்தை இடித்துக்கட்ட விற்றுவிடலாம். பகுதி மாறுகிறது என்று நீங்கள் கணக்குப் போட்டதைப் போல அவரும் போட்டிருப்பார். நீங்கள் கொண்டுவரும் கூட்டமே அவர் இடத்தின் விலையை ஏற்றும், ஏறின விலையே உங்களை வெளியேற்றும்.

அதனால் மூன்று வகைக் கடைக்கும் ஒப்பந்தம் ஒரே மாதிரி இருக்க முடியாது. விறகடுப்புக்குப் பத்து வருடத்துக்குக் குறைந்த உறுதி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள், தரையில் புதைத்த பணம் அதற்குள்தான் திரும்பும். டிராட்டோரியாவுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். துண்டு பீட்சாக் கடைக்கு ஐந்து வருடம் போதும், அதை நீட்டிக்கும் உரிமை உங்கள் பக்கம் இருந்தால் சரி. எதுவானாலும் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உள்வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை கிடையாது. நடுவில் நீங்கள் விலக ஒரு வாய்ப்பு, எதிரே உள்ள கட்டடத்தில் குறித்த தேதிக்குள் ஆட்கள் குடியேறாவிட்டால் அது பயன்படும். இடிப்பதற்காக உங்களை எழுப்பினால் இவ்வளவு முன்னறிவிப்பு, இவ்வளவு இழப்பீடு. வாடகை உயர்வையும் எந்த வருடம், அதிகபட்சம் எத்தனை சதவீதம் என்று இப்போதே எழுதிவிடுங்கள். "சந்தை நிலவரப்படி" என்ற இரண்டு சொல் இருந்தால் அதை அடிக்காமல் எழுந்திருக்காதீர்கள், மாறிவரும் பகுதியில் அந்தச் சந்தை நிலவரம் உங்களுக்கு எதிராக மட்டுமே நகரும். மொத்த விற்பனையில் வாடகை 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இன்றைய கூட்டத்தை வைத்துப் போட்டால் அது 15ஐத் தாண்டுகிறது, ஆனால் அடுத்த வருடக் கூட்டத்தை வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது காகிதத்தில் காட்டினால், அந்த இடம் வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கூட்டம் குறைந்தால் ஆப் இருக்கிறதே என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். கமிஷன் 15 முதல் 30 சதவீதம். டிராட்டோரியாவின் பொருள் செலவையும் ஆள் செலவையும் கழித்தபிறகு அந்த 30 எங்கிருந்து வரும்? கார்பொனாரா பெட்டிக்குள் பத்து நிமிடத்தில் கட்டிதட்டிவிடும், நேப்பிள்ஸ் பீட்சா அட்டைப்பெட்டியின் ஆவியில் துவண்டுவிடும். ரோம் பாணித் துண்டு அந்தப் பயணத்தைத் தாங்கும், வீட்டில் வாணலியில் ஒரு நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுப்பாகிவிடும். வேகாத பாஸ்தாவுக்கோ பயணமே ஒரு பிரச்சினை இல்லை. ஆனாலும் ஆப்பை நம்பிக் கடை போடாதீர்கள்.

எந்த நிலைமையில் என் ஓட்டு மாறும்? நீங்களே பத்துப் பதினைந்து வருடம் அடுப்பில் நின்ற பீட்சாக்காரர், கட்டடம் உங்கள் குடும்பச் சொத்து, கூரை உங்களுடையது, புகைக்கு அனுமதி எழுத்தில் இருக்கிறது என்றால் அடுப்பைக் கட்டுங்கள், மறுபேச்சில்லை. பகுதியில் ஏற்கெனவே ஒரு நாடக அரங்கமோ பெரிய மருத்துவமனையோ இருந்து, இரவுக் கூட்டம் புதுக் குடியிருப்புகளை நம்பி இல்லை என்றால் டிராட்டோரியாவைப் பற்றி யோசிக்கலாம். அருகிலேயே நல்ல துண்டு பீட்சாக் கடை ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது கடையாகப் போய் நிற்காதீர்கள், பாஸ்தாவை முன்னால் வைத்து பீட்சாவைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு: பழைய கடை, மின்சார அடுப்பு, கண்ணாடி மேடை, சுவரோரமாக உட்கார எட்டு முக்காலி. பக்கத்துக் கடை காலியானால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்க் கட்டடத்தில் விளக்கு எரிய ஆரம்பித்து, இரவு எட்டு மணிக்கு மேல் வருகிறவர்கள் முக்காலி கிடைக்காமல் திரும்பிப் போகிற நிலை வந்தால், நடுச்சுவரை உடைத்து அங்கே பன்னிரண்டு மேசை போட்டு டிராட்டோரியாவை அப்போது தொடங்கலாம். அதற்குள் மதுவுக்கான விண்ணப்பத்தைக் கொடுத்து வைத்திருங்கள், அது வருவதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக நாள் ஆகும்.